குட்டியின் எலும்புக்குப் போடும் தீனி

எங்கள் தோட்டத்து லாயத்தில் பிறந்த இரண்டாவது குதிரைக்குட்டிக்கு இந்த வாரத்தோடு எட்டு மாதம் நிறைகிறது. தினமும் காலையில் தண்ணீர் காட்டுவதற்கு முன்பு, அதன் முன்னங்கால் முட்டிக்குச் சற்று மேலே எலும்பின் உட்பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்ப்பேன். அந்த இடத்தில் சூடு தெரிகிறதா, மேடு தட்டியிருக்கிறதா, அழுத்தும்போது குட்டி காலை இழுத்துக்கொள்கிறதா என்று கவனித்த பிறகுதான் அன்றைய தீனியை அளந்து வைப்பேன். முன்னங்கால் எலும்பு நீள்வதற்குக் காரணமான வளர்தட்டு அங்கே இருக்கிறது. தீனியில் நாம் செய்யும் பிழை வெளியே தெரியத் தொடங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பிறந்த முதல் குட்டியிடம் இதைத் தடவிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த அறியாமையின் சுமையை இன்றுவரை அந்தக் குட்டிதான் தன் காலில் சுமக்கிறது. குட்டி வளர்க்கும் வேறு யாருக்கேனும் உதவட்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதி கொறங்காட்டுப் பூமி. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல் என்று அமைந்த அந்த மேய்ச்சல் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் காங்கேயம் மாடுகளைத்தான் வளர்த்து வந்தோம். மாடு வளர்ப்பதை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குதிரை அப்படி வந்ததில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளை ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்து ஆசை முற்றி, ஒரு மார்வாரிப் பெட்டைக் குதிரையை வாங்கி வந்தோம். மாட்டுக்குப் பழகிய தீனிக் கணக்கையே குதிரைக்கும் போட்டோம். பிழை அங்கே தொடங்கியது.

முதல் குட்டி ஓர் ஐப்பசி மாதத்தில் பிறந்தது. ஆண் குட்டி, கருஞ்சிவப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அடுத்த ஆடிச் சந்தைக்கு அதைக் கொண்டுபோய் நிறுத்துவதென்று பிறந்த வாரத்திலேயே பேசி முடித்துவிட்டோம். லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், ‘இன்னுங் கொஞ்சம் ஒடம்பு வெச்சாத்தானுங்க தம்பி, சந்தையில நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க’ என்றார். என் எண்ணமும் அதுவாகவே இருந்தது. ஐந்தாம் மாதத்தில் பால் மறக்கடித்தோம். பிறகு நாளொன்றுக்குக் கோதுமைத் தவிடு ஒன்றரைக் கிலோ, உடைத்த மக்காச்சோளம் இரண்டு கிலோ, இடையிடையே வேகவைத்த கொள்ளு, வயிறு நிறைய மாட்டுக்கு வெட்டும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் என்று வைத்தோம். ஓடி விழுந்து அடிபட்டுவிடக் கூடாதே என்று பெரும்பாலான நேரம் கட்டியே வைத்திருந்தோம். குட்டியின் தோல் பளபளத்தது. கழுத்து தடித்து, பின்தொடை திரண்டு, எட்டு மாதத்திலேயே ஒரு வயதைத் தாண்டியது போலத் தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை அது லாயத்தை விட்டு வெளியே வந்தபோது முன்னங்கால்களை விறைப்பாக எடுத்து வைத்தது. இரண்டு முட்டிகளுக்கு மேலேயும் வீக்கம் இருந்தது. கை வைத்தால் சூடு தெரிந்தது. குளம்புக்கு மேலிருக்கும் கணு மூட்டிலிருந்து குளம்பு வரை சாய்வாக இறங்க வேண்டிய எலும்பு, நட்டுவைத்த முளைக்குச்சி போல நிமிர்ந்து நின்றது. வந்து பார்த்த கால்நடை மருத்துவர் மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன்பு, ‘என்ன தீனி வைக்கிறீங்க, எவ்வளவு வைக்கிறீங்க?’ என்றுதான் கேட்டார். நான் பெருமையோடு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் எண்களைப் போட்டுக் கூட்டி, என்னிடம் நீட்டினார். வளர்தட்டு அழற்சி என்றும், அந்த வலியால் குட்டி காலை முழுவதுமாக ஊன்றாமல் நிற்கப் பழகி, பின்புறத் தசைநாண் இறுகி, கணு மூட்டு நிமிர்ந்துவிட்டது என்றும் விளக்கினார். தானியத் தீனியை அன்றே பாதியாகக் குறைத்துப் பிறகு நிறுத்தினோம். நேப்பியரை விட்டுக் காய்ந்த அருகம்புல்லுக்கு மாறினோம். சுண்ணாம்புக்கல் பொடி சேர்த்தோம். சில வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவிச் சரிசெய்தோம். வீக்கம் வடிய நான்கு மாதம் ஆயிற்று. வலது முன்னங்காலின் கணு மட்டும் இன்றுவரை சற்று நிமிர்ந்தே நிற்கிறது.

அந்தத் தாளில் இருந்த எண்களைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. குதிரைக்குட்டி எப்படி வளர்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. பிறக்கும்போது குட்டியின் எடை, அது முழுதாக வளர்ந்தபின் எட்டப்போகும் எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அதன் உயரமோ முழு உயரத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல். ஆறு மாதத்தில் எடை பாதியைக்கூடத் தொடுவதில்லை, உயரம் மட்டும் 80 விழுக்காட்டைக் கடந்துவிடுகிறது. அதாவது, இயற்கை முதலில் காலையும் எலும்புச் சட்டத்தையும் கட்டி முடித்துவிட்டுப் பிறகுதான் சதையைப் பூசுகிறது. ஆறேழு மாதக் குட்டி காலும் கையுமாக, ஒல்லியாக, சற்று ஒழுங்கற்றுத் தெரிவதுதான் அதன் வயதுக்குரிய உருவம். அந்த வயதில் அதைத் திரண்ட உடலோடு பார்க்க ஆசைப்பட்டு மாவுச்சத்தை ஏற்றினால், இன்னும் குருத்தெலும்பாக இருக்கும் வளர்தட்டுகளின் மீது அந்த எடை முழுவதும் இறங்குகிறது. மாவுச்சத்து மிகும்போது உடலில் சுரக்கும் இன்சுலின் போன்றவை, குருத்தெலும்பு முதிர்ந்து எலும்பாக மாறும் போக்கையே குலைக்கக்கூடும் என்றும் மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

இரண்டாவது விஷயம் தவிடு. எங்கள் ஊரில் எந்தக் கால்நடை இளைத்தாலும் முதலில் தவிடு வை என்றுதான் சொல்வார்கள். ஒரு கிலோ கோதுமைத் தவிட்டில் ஏறக்குறைய 10 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. கால்சியம் ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான். அரிசித் தவிட்டில் இந்த இடைவெளி இன்னும் அதிகம். எங்கள் தாய்க்குதிரையின் அளவுக்கு, அதாவது 380 கிலோவுக்கு வளரப்போகும் ஆறு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிராம் கால்சியமும் 16 கிராம் பாஸ்பரசும் வேண்டும். நான் வைத்த ஒன்றரைக் கிலோ தவிடே கிட்டத்தட்ட ஒரு நாள் பாஸ்பரஸ் முழுவதையும் கொடுத்துவிட்டது. கால்சியமாகக் கொடுத்ததோ இரண்டு கிராம்கூட இல்லை. மக்காச்சோளத்திலும் கால்சியம் மிகக் குறைவு. மொத்தத் தீனியில் கால்சியம் பாஸ்பரசைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது நல்லது. எக்காரணம் கொண்டும் பாஸ்பரசுக்குக் கீழே போகக் கூடாது. போனால், இரத்தத்தில் கால்சியம் குறைந்துவிடாமல் காக்க, கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். எடுத்த இடத்தை நார்த்திசு நிரப்பும். முற்றிய நிலையில் தாடை எலும்பு இரு பக்கமும் உப்பி, முகமே பெருத்துத் தெரியும், பல் ஆடும், இன்று ஒரு கால், நாளை வேறொரு கால் என்று நொண்டும். மேலை நாடுகளில் மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு இந்த நோய் அதிகம் வந்ததால், ஆலைக்காரர் குதிரை நோய், தவிட்டு நோய் என்றே அதற்குப் பெயர் இருந்தது. கையருகே மலிவாகக் கிடைத்ததை அள்ளிப் போட்டார்கள்; நாங்களும் அதையேதான் செய்தோம்.

எனக்கு மிகவும் அதிர்ச்சியாக இருந்தது புல்லைப் பற்றி மருத்துவர் சொன்னதுதான். கம்பு நேப்பியரிலும், எங்கள் கொறங்காட்டின் உயிரான கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது; அது கால்சியத்தைப் பற்றிக்கொண்டு கரையாத உப்பாகிவிடும். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால், மாடு கால்சியத்தைப் பெரிதாக இழப்பதில்லை. குதிரைக்கு அத்தகைய இரைப்பை கிடையாது. அதன் நுண்ணுயிர்கள் இருப்பது பெருங்குடலில். கால்சியம் உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னாலுள்ள சிறுகுடலில். ஆகவே நுண்ணுயிர்களிடம் போய்ச் சேருவதற்குள் கால்சியம் கைநழுவிப் போகிறது. ஒரே புல்லைத் தின்று காங்கேயம் காளை இரும்பு போன்ற எலும்போடு நிற்கவும், பக்கத்தில் கட்டியிருக்கும் குதிரைக்குட்டி எலும்பு நலிந்து போகவும் காரணம் இதுதான். கொறங்காட்டில் நரிப்பயறு போன்ற பயறுவகைக் கொடிகளும் பல வகைப் புல்லும் கலந்து முளைப்பதால், அங்கே மேயும் குதிரைக்குப் பாதிப்பு சற்றுக் குறையலாம். வெட்டிப்போடும் ஒற்றைப் புல்லை மட்டும் தின்னும் குட்டிக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் பாண்டிய நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ எழுதிய குறிப்பு நினைவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல் வழியே ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்கே இறக்குமதியாயின. அவற்றுள் பல விரைவிலேயே இறந்துபோயின. இங்கே குதிரைகளுக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கொடுக்கிறார்கள் என்றும், பெரிய குதிரைக்கும் நல்ல பெட்டைக்கும் பிறக்கும் குட்டிகூடச் சிறுத்து, கால் கோணி, ஏறுவதற்கு உதவாததாகப் பிறக்கிறது என்றும் அவர் எழுதியிருக்கிறார். அவர் அதற்குத் தட்பவெப்பத்தைக் காரணமாகக் கருதினார். சோற்றிலும் இறைச்சியிலும் கால்சியம் எவ்வளவு குறைவு, பாஸ்பரஸ் எவ்வளவு மிகுதி என்பதை அறிந்த பிறகு, அந்தக் கோணல் கால்களில் தீனிக்கும் பங்கிருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த மண்ணில் கால் கோணிப் பிறந்த அந்தக் குட்டிகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

கொள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். குதிரையையும் கொள்ளையும் நம் மொழி பிரித்துப் பார்ப்பதே இல்லை. கொள்ளில் 22 விழுக்காடு அளவுக்குப் புரதம் இருக்கிறது. வளரும் குட்டிக்கு மிகவும் இன்றியமையாத லைசின் என்ற அமினோ அமிலம், தானியங்களில் இருப்பதைவிட இதில் அதிகம். பச்சைக் கொள்ளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் வேகவைத்துப் போடும் பழக்கம் அறிவுடையது. அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கொள்ளிலும் கால்சியமும் பாஸ்பரசும் ஏறக்குறையச் சமமாகத்தான் இருக்கின்றன. ஆகவே அது தவிட்டின் குறையை ஈடுகட்டாது. கொள்ளை நல்ல துணைத்தீனியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் கால்சியக் குறைக்கு விடை ஒரு பயிரின் பெயரிலேயே இருக்கிறது: குதிரை மசால். பயறுவகையைச் சேர்ந்த இந்தத் தீவனப்பயிரின் காய்ந்த தழை ஒரு கிலோவில் ஏறக்குறைய 12 கிராம் கால்சியமும் இரண்டு கிராம் பாஸ்பரசும் இருக்கின்றன. புரதமும் 17, 18 விழுக்காடு வரை கிடைக்கும். தவிட்டுக்கு நேர் எதிரான கணக்கு இது. குதிரை மசால் கிடைக்காத மாதங்களில் நிலக்கடலைக் கொடி கைகொடுக்கிறது. அதுவும் பயறுவகைதான், கால்சியம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கொடியைப் பிடுங்கிய மண்ணோடு அப்படியே போடக் கூடாது. மண் குடலில் சேர்ந்து வயிற்றுவலி வரும். நாங்கள் ஒவ்வொரு கட்டையும் களத்தில் நன்றாக உதறி, பூஞ்சணம் பிடித்த கொடியை மூக்கில் வைத்துப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறோம்.

இரண்டாவது குட்டிக்கான தீனி அது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். கருவின் எடை பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் கூடுகிறது. தாய்ப்பாலில் தாமிரம் மிகக் குறைவு. குட்டி தன் முதல் மாதங்களுக்குத் தேவையான தாமிரத்தைக் கருவிலேயே தன் கல்லீரலில் சேமித்துக்கொண்டுதான் பிறக்கிறது. குருத்தெலும்பு உறுதிப்படத் தாமிரம் வேண்டும். ஆகவே எட்டாம் மாதத்திலிருந்து தாய்க்குதிரைக்குத் தாது உப்புக் கலவையை ஒரு நாள்கூட விடாமல் கொடுத்தோம். குட்டி பிறந்தபின் ஊட்டுவதைவிட இதுதான் பயன் தரும் என்று மருத்துவர் அழுத்திச் சொல்லியிருந்தார்.

கார்த்திகையில் ஓர் இரவு, மடிக்காம்புகளின் நுனியில் மெழுகு போலத் திரண்டதைப் பார்த்ததிலிருந்து தூங்கவில்லை. மறுநாள் பின்னிரவில் குட்டி விழுந்தது. பெண் குட்டி. மனிதக் குழந்தையைப் போலத் தாயின் நோயெதிர்ப்புப் பொருள்களைக் கருப்பையிலேயே பெற்றுக்கொண்டு குதிரைக்குட்டி பிறப்பதில்லை. அது எல்லாவற்றையும் சீம்பாலிலிருந்துதான் பெற வேண்டும். அவற்றை முழுதாக உள்ளே விடும் திறன் குட்டியின் குடலுக்குச் சில மணி நேரமே உண்டு. 12 மணி நேரத்துக்குப் பிறகு வெகுவாகக் குறைந்து, ஒரு நாளில் அந்த வாசல் மூடிவிடும். ஒரு மணி நேரத்தில் குட்டி எழ வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும் என்ற கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தேன். குட்டி நான்கு முறை எழுந்து நான்கு முறையும் விழுந்தது. ஐந்தாம் முறை நின்று, தாயின் முன்னங்கால் இடுக்கில் முட்டி, விலாவில் முட்டி, கடைசியில் மடியைக் கண்டுபிடித்தது. அது உறிஞ்சும் ஓசை கேட்டபோது மணி நாலேகால். பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

முதல் இரண்டு மாதம் குட்டிக்கு நாம் செய்ய வேண்டியது, தாய்க்குச் சரியாகத் தீனி வைப்பது ஒன்றுதான். பால் கொடுக்கும் குதிரை தன் எடையில் ஏறக்குறைய மூன்று விழுக்காடு அளவுக்குப் பால் சுரக்கும்; எங்கள் குதிரைக்கு அது நாளுக்கு 11 லிட்டர். அந்த நாட்களில் அதன் உணவுத்தேவை, சும்மா நிற்கும் குதிரையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. தாய் இளைத்தால் பாலும் குறையும்.

இந்தக் காலத்தில் வளர்ப்பவர்களை அச்சுறுத்தும் இரண்டு காட்சிகள் உண்டு. ஒன்று, பிறந்த இரண்டாம் வாரத்தில் குட்டிக்கு வரும் கழிச்சல். குட்டி துள்ளிக்கொண்டு பாலும் குடித்தால் அது தானே நின்றுவிடும். சோர்ந்து படுத்தாலோ, மடியை விட்டு விலகினாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மற்றொன்று, குட்டி தாயின் புது லத்தியைத் தின்பது. முதல் குட்டி அப்படிச் செய்தபோது பெரியவர் பதறி அடித்து விரட்டினார். உண்மையில் நாரைச் செரிக்கத் தேவையான நுண்ணுயிர்களைக் குட்டி அப்படித்தான் தன் குடலுக்குள் கொண்டுசெல்கிறது. இம்முறை அதை அவரிடம் விளக்கிச் சொன்னேன். குட்டி லத்தியை முகர்ந்து, ஒரு சிறு உருண்டையை உதட்டால் பிரித்தெடுத்துப் பொறுமையாக மெல்வதை இருவரும் நின்று பார்த்தோம். ‘எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிருக்குதுங்க’ என்றார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு தாயின் பால் குறையத் தொடங்கும்; குட்டியின் தேவையோ கூடும். அப்போது குட்டிக்கு மட்டும் தனித்தீனி தொடங்கினோம். லாயத்தின் ஒரு மூலையில் குட்டி நுழையும் உயரத்தில் குறுக்குக் கம்பு கட்டி, தாய் புக முடியாதபடி தடுத்து, அதற்குள் ஆழமில்லாத தொட்டி வைத்தோம். அளவுக்கு நான் வைத்துக்கொண்ட கணக்கு, எங்கள் குதிரையின் உடல்வாகுக்கு, மாத வயது ஒன்றுக்கு 300 முதல் 400 கிராம் வரை. மூன்று மாதக் குட்டிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. எப்படியும் உடல் எடையில் ஒன்றேகால் விழுக்காட்டைத் தாண்டவிடுவதில்லை. அதில் முக்கால் பங்குக்கு மேல் உமியோடு கூடிய ஓட்ஸ், மீதியில் பெரும்பங்கு சோயாப் புண்ணாக்கு, ஒரு கை வேகவைத்த கொள்ளு, சுண்ணாம்புக்கல் பொடி, தாது உப்பு, சிறிது கல்லுப்பு. சோயாவை விரும்பியது அதன் லைசினுக்காக. கடலைப் புண்ணாக்கில் லைசினும் குறைவு, பூஞ்சை நச்சுக்கும் வாய்ப்பு அதிகம். தவிட்டை அறவே விடவில்லை; பெரியவரின் மனத்துக்காகவும் குட்டியின் நாவுக்காகவும் ஒரு கைப்பிடி உண்டு. ஒரு கிலோ தவிடு வைத்தால், அதன் பாஸ்பரசைச் சமன் செய்யவே 40 கிராம் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் பொடி சேர்க்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் தவிட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது வாயையும் குடலையும் வேகவைத்துவிடும்.

ஒரே வேளையில் நிறைய தானியம் வைப்பதும் தவறு. குதிரையின் இரைப்பை சிறியது. சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்தால் வயிற்றுவலியும் குளம்பழற்சியும் வரும். ஆகவே நாளின் தீனியை மூன்றாகப் பிரித்து வைக்கிறோம். புல் மட்டும் எந்நேரமும் முன்னால் இருக்கும்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல்லடத்திலிருந்து நாமக்கல் வரை கோழிப்பண்ணை இல்லாத ஊர் இல்லை. மிச்சமான கோழித்தீவனம் மலிவாகக் கிடைக்கும், புரதமும் அதிகம் என்று தோன்றும். கோழிகளுக்கு இரத்தக் கழிச்சல் வராமலிருக்க அதில் மோனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பதுண்டு. கோழி தாங்கும் அளவில் ஒரு சிறு பகுதியே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. ஆகவே கோழித்தீவனம் அரைத்த இயந்திரத்தில் குட்டிக்குத் தீவனம் அரைப்பதையும் நான் ஏற்பதில்லை. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளமும் அவ்வாறே. அதிலுள்ள நச்சு குதிரையின் மூளையைக் கரைக்கும். இளஞ்சோளத்தட்டையும் குதிரைக்கு வெட்டிப்போட வேண்டாம்.

ஆறாம் மாதத்தில் பால் மறக்கடித்தோம். இம்முறை குட்டியைத் திடீரென்று பிரிக்கவில்லை. தாயை வேலிக்கு அப்பால் கட்டி, ஒன்றையொன்று முகர்ந்துகொள்ள விட்டு, குட்டியின் பக்கம் அமைதியான ஒரு வயதான மட்டக் குதிரையைத் துணைக்கு நிறுத்தினோம். பிரிக்கும் முன்பே குட்டி தன் தொட்டியில் கணிசமாகத் தின்னப் பழகியிருந்ததால், தீனியில் மாற்றம் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாள் கனைத்தது. மூன்றாம் நாள் புல்லில் தலையை வைத்தது. பால் மறந்த அதிர்ச்சியில் குட்டி இளைத்துவிட, அதை ஈடுகட்டுவதற்காக அடுத்த மாதமே தீனியைக் கொட்டுவதுதான் மிகவும் ஆபத்தானது என்று இப்போது அறிவேன். நின்று நின்று பாய்ந்து வளரும் எலும்பைவிட, சீராக வளரும் எலும்பே குறையின்றி அமைகிறது. முதல் குட்டிக்கு நாங்கள் செய்தது பாய்ச்சல் வளர்ச்சி.

அந்தச் சீரைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்பதால், 15 நாளுக்கு ஒருமுறை தையல்காரர் நாடாவால் நெஞ்சுச் சுற்றளவையும் உயரத்தையும் அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறேன். ஒரே ஆள், ஒரே நேரம், சமதரை. இவை மாறினால் அளவும் மாறிவிடும். சுற்றளவு திடீரென்று கூடியிருந்தால் ஓட்ஸில் 200 கிராம் குறைப்பேன். இரண்டு அளவுகள் தொடர்ந்து நின்றுபோனால் முதலில் லத்தியைச் சோதனைக்கு அனுப்புவேன். பானை வயிறும் மங்கிய உரோமமுமாக ஒரு குட்டி நின்றால், ஊரில் தீனி போதவில்லை என்பார்கள். பெரும்பாலும் காரணம் குடலில் இருக்கும் உருண்டைப் புழுக்கள். புழு மிகுந்த குட்டிக்குத் தீனி கூட்டினால் புழுதான் தின்னும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நிறைய புழு இருக்கும் குட்டிக்குக் கடுமையான மருந்தைக் கொடுத்தால் செத்த புழுக்கள் குடலை அடைத்துவிடுவதும் உண்டு. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமலும் விரலால் தடவினால் ஒவ்வொன்றாக எண்ணக்கூடியதாகவும் இருப்பதையே சரியான உடம்பாக வைத்துக்கொள்கிறேன்.

இத்தனை கணக்கும் போட்ட பிறகு, குட்டியைக் கட்டி வைத்தால் பயனில்லை. ஓடும்போது எலும்பின் மீது விழும் தாக்கமே கால்சியத்தை எங்கே படியவைக்க வேண்டும் என்று உடலுக்குச் சொல்கிறது. காலை ஆறு மணிக்கு அவிழ்த்துவிட்டால் வெயில் ஏறும் வரை கொறங்காட்டில் விருப்பம்போல ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம். கொழுக்கட்டைப் புல்லையும் மேயத்தான் செய்கிறது. மாலையில் குதிரை மசாலும் சுண்ணாம்புக்கல் பொடியும் அதை ஈடுகட்டுகின்றன.

இந்த ஆடியிலும் அந்தியூர்ச் சந்தை கூடுகிறது. குட்டியைக் கொண்டுவரவில்லையா என்று மாமா ஒருவர் தொலைபேசியில் கேட்டார். ‘இப்பத்தானுங்க மாமா எட்டு மாசம் ஆகுது, ஒல்லியா நிக்கிது, பாத்தா யாருக்கும் புடிக்காது’ என்றேன். ஒல்லியாகத்தான் நிற்கிறது, கணு மூட்டுகள் நான்கும் சரியான சாய்வில் இருக்கின்றன. ஆடிப்பட்டத்தில் குதிரை மசாலுக்கென்று கிணற்றடியில் பத்து சென்ட் உழுது வைத்திருக்கிறோம். மசாலைச் சுற்றிப் படரும் ஒட்டுண்ணிக் களையான அம்மையார் கூந்தலின் விதை கலந்துவிடாதபடி விதையை உப்புக் கரைசலில் போட்டு, மிதந்ததை எல்லாம் நீக்கி, நேற்று நிழலில் உலர்த்தினேன். விதைத்து 75, 80 நாளில் முதல் அறுப்பு வரும்; அதற்குப் பிறகு 25, 30 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். முதல் அறுப்பின்போது குட்டிக்குப் பத்து மாதம் கடந்திருக்கும். அப்போது ஓட்ஸை அரைக் கிலோ குறைத்துவிட்டு, அந்த இடத்தைப் புது மசாலால் நிரப்பலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நோட்டுப் புத்தகத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்.